சின்னாளப்பட்டியில் எத்தனை எழுத்து?

சுங்குடிச் சேலைக்குப் பேர்போன ஊர் சின்னாளப்பட்டி. அந்தப் பெயரில் எத்தனை எழுத்து என்று திண்டுக்கல் பக்கத்தில் எந்தப் பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலும் விரல்விட்டு எண்ணி 8 என்று சொல்லிவிடும்: சி, ன், னா, ள, ப், ப, ட், டி. பைத்தான் என்ற கணினி மொழியோ 14 என்கிறது.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் மாணவர்கள் கற்பது இந்தப் பைத்தானைத்தான். எழுத்துகளின் தொடருக்கு அங்கே சரம் என்று பெயர். இரண்டு சரங்களை ஒட்டக் கூட்டல் குறி போதும். ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைப்பது மடக்கு. முதலில் 'விடை' என்று ஒரு வெற்றுச் சரத்தை வைத்துக்கொள்ள வேண்டும். மடக்கு ஒவ்வொரு சுற்றிலும் ஓர் எழுத்தை எடுத்துத் தரும். 'விடை = விடை + எழுத்து' என்ற ஒரே வரி அதைக் கடைசியில் ஒட்டிவிடும். நாடா குறுக்கே ஓடும் ஒவ்வொரு முறையும் தறியில் துணி ஓர் இழை வளர்வதுபோல, சுற்றுக்குச் சுற்று விடை நீளும். 'விடை', 'எழுத்து' போன்ற மாறிகளுக்கு இப்படித் தமிழிலேயே பெயர் வைக்கலாம். பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும்.

புதிதாகக் கற்பவர்கள் இடறும் இடம் ஒன்று உண்டு. வெற்றுச் சரத்தை மடக்குக்கு உள்ளே எழுதிவிட்டால், சேர்த்ததெல்லாம் சுற்றுதோறும் அழிந்து கடைசி எழுத்து மட்டும் மிஞ்சும்.

ஒட்டும் வரியை 'விடை = எழுத்து + விடை' என்று மாற்றினால் சொல் தலைகீழாகும். சின்னாளப்பட்டிக்கு வர வேண்டிய விடை 'டிட்பப்ளனான்சி'. வருவதோ 'ட்டப்பளான்னிச', அதற்கு முன்னால், ஒட்ட மெய் கிடைக்காத இகரக் கொக்கி ஒன்று தனியே நிற்கும். யூனிகோடு முறை 'சி'யைச் சகரம், கொக்கி என இரண்டாகவும் 'ன்' என்பதை னகரம், புள்ளி என இரண்டாகவும் சேமிக்கிறது. மடக்கு எடுப்பது அந்தத் துண்டுகளை. 'ஓப்பன்-தமிழ்' என்ற கட்டற்ற நிரலகத்தைக் கொண்டு முதலில் 8 எழுத்துகளாகப் பிரித்துவிட்டால் விடை சரியாக வரும்.

துண்டுகளாக வைத்திருப்பதில் ஒரு பெரிய வசதியும் இருக்கிறது. நட்சத்திரக் குறிகளை முக்கோணமாக அச்சிடும் வழக்கமான பயிற்சிக்கு முன்னால், தமிழ்ப் பிள்ளைகளுக்கு உயிர்மெய் வரிசையை உருவாக்கும் பயிற்சியைத்தான் கொடுக்க வேண்டும். 18 மெய்களுக்கு ஒரு மடக்கு. அதற்குள்ளே உயிர்க்குறிகளுக்கு இன்னொரு மடக்கு. ககரத்தோடு காலை ஒட்டினால் 'கா', கொக்கியை ஒட்டினால் 'கி'. அகரத்துக்குக் குறி கிடையாது. அங்கே வெற்றுச் சரத்தை ஒட்டினால் 'க' அப்படியே நிற்கும். ஆக 11 குறிகள், ஒரு வெற்றுச் சரம்: 18 முறை 12, மொத்தம் 216 உயிர்மெய். குறிகளின் பட்டியலில் புள்ளியையும் சேர்த்தால் 18 மெய்களும் வந்து 234 ஆகும். 12 உயிரையும் ஆய்தத்தையும் அதே விடையோடு ஒட்டினால், நான்கைந்து வரி நிரலில் 247 எழுத்தும் திரையில் வரிசைகட்டும்.