உங்களுக்குத் தெரியுமா? நீர்க்கடுப்பு ஸ்பெஷல்!

புதுக்கோட்டை மன்னர் கல்லூரியின் முதல் மாணவி யார்? 1912-ல் சென்னையில் டாக்டர் பட்டம் வாங்கிய நம்ம ஊர் முத்துலட்சுமி ரெட்டி! பெண்கள் நலனுக்கே வாழ்ந்தவர். அவர் மண்ணில் பெண்களை வாட்டும் நீர்க்கடுப்பை, அதாவது சிறுநீர்த் தொற்றைப் பற்றிப் பேசாமல் இருக்கலாமா?

உலகில் பாதிப் பெண்களுக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இது வருகிறது! முக்கியக் காரணம், சிறுநீர் வெளியேறும் குழாயின் நீளம். ஆண்களுக்கு சுமார் 20 செ.மீ. பெண்களுக்கு வெறும் 4! கிருமி சுலபமாக உள்ளே ஏறிவிடும்!

பெரும்பாலும் குற்றவாளி நம் குடலிலேயே குடியிருக்கும் ஈ.கோலை! வசதி கிடைத்தால் 20 நிமிடத்தில் ஒன்று இரண்டாகிவிடும்!

ஆறு மாதத்தில் 2 முறை, அல்லது வருடத்தில் 3 முறை வந்தால் அது 'திரும்பத் திரும்ப வரும் தொற்று'. எண்ணிக்கொண்டே வாங்க!

இதுதான் நான் ரொம்ப ரசித்த தகவல். அடிக்கடி தொற்று வந்த, தண்ணீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்கள். பாதிப் பேர் தினமும் கூடுதலாக ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்தார்கள். ஒரே வருடத்தில் அவர்களுக்கு வந்தது சராசரியாக 1.7 முறை. குடிக்காதவர்களுக்கு 3.2! ஆய்வு வெளியான வருடம் 2018. மருந்து? வெறும் தண்ணீர்!

கீரமங்கலத்தில் பூப்பறிக்கும் அக்காமார்களே, கழிப்பறை இல்லையென்று தண்ணீரைக் குறைக்காதீர்கள், அடக்கியும் வைக்காதீர்கள்! (இதய, சிறுநீரக நோயாளிகள் மட்டும் டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள்.)

மாதவிடாய் நின்றபின் அடிக்கடி வருகிறதா? பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் தொற்றைக் குறைக்கும்! டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

எரிச்சலே இல்லை, ஆனால் சிறுநீரில் கிருமி! கர்ப்பிணி என்றால் கட்டாயம் சிகிச்சை. மற்றவர்களில் பெரும்பாலானோருக்கு ஆண்டிபயாடிக்கே தேவையில்லை!

ஆண்டிபயாடிக் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு! டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது என்று அர்த்தம். 2014 மார்ச் முதல் அமலில் உள்ள ஹெச்-1 பட்டியல் மருந்து என்றால், மெடிக்கலில் உங்கள் பெயரையும் டாக்டர் பெயரையும் பதிவேட்டில் எழுத வேண்டும். அதை 3 வருடம் பத்திரப்படுத்தவும் வேண்டும்!

ஏன் இவ்வளவு கட்டுப்பாடு? மருந்துக்கு அடங்காத கிருமிகள்தான்! 2010-ல் உலகையே அதிரவைத்த, என்.டி.எம்-1 என்ற மருந்து எதிர்ப்பு மரபணு பற்றிய ஆய்வில் முதல் பெயர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி! மிக வலுவான ஆண்டிபயாடிக்குகளுக்கும் அடங்காத, இந்த மரபணு உள்ள கிருமி, சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில் சிக்கியது!

நீர்க்கடுப்பு அடிக்கடி வருகிறதா? முதல் மாத்திரைக்கு முன்பே கல்ச்சர் டெஸ்டுக்குச் சிறுநீர் கொடுத்துவிடுங்கள். எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று இரண்டு மூன்று நாளில் தெரிந்துவிடும். காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாவில் வலி இருந்தால் மட்டும் ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்!