பாயின் விலையும் முடைந்த கையும்

பினாங்கின் தலைநகராகிய ஜார்ஜ் டவுன், 2008-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. அந்நகரைக் காண வருவோர் நினைவுப்பொருளாக வாங்கிச் செல்பவற்றுள் தாழை ஓலையால் முடைந்த பாயும் பையும் அடங்கும். இத்தாழையை மலாய் மொழியில் மெங்குவாங் என்பர். பெருநிலத்தில், புக்கிட் மெர்த்தாஜாமுக்கு அருகே இப்பெயரிலேயே ஓர் ஊரும் நீர்த்தேக்கமும் உள்ளன.

ஓலை பாயாவது எளிதன்று. முள்ளோரத்தை நீக்கி, அனலில் வாட்டி, ஒரே அகலத்தில் கீறி, மூங்கில் துண்டால் நீவி மென்மையாக்க வேண்டும். பின்னர் நாள்கணக்கில் நீரில் ஊறவைத்து, வெயிலில் உலர்த்தி, சாயம் ஏற்றிய பிறகே முடைதல் தொடங்கும். கிராமத்துப் பெண்களே வீட்டு வேலைகளுக்கு இடையில் இதைப் பெரும்பாலும் செய்கின்றனர்.

அவ்வுழைப்புக்குக் கிடைப்பது என்ன? கடையில் 100 ரிங்கிட்டுக்கு விற்கும் பாய்க்கு, முடைந்தவர் 20 ரிங்கிட் பெறுவதாகக் கொள்வோம். அதற்கு ஐந்து நாள் உழைத்திருந்தால் அவருடைய நாட்கூலி 4 ரிங்கிட்டே. சம்பளத்திற்கு வேலை செய்வோருக்குக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் உண்டு. 2025-இல் அது மாதம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. வீட்டில் முடைந்து வியாபாரியிடம் விற்கும் பெண்ணுக்கு அக்காப்பு இல்லை. பால் நிறுக்கும் தராசு சரியாக இருக்கவேண்டியதன் அருமையைத் தோட்டத் தொழிலாளர் அறிவர். இப்பெண்ணின் உழைப்பை நிறுக்கவோ தராசே இல்லை.

இக்குறையைப் போக்க எழுந்ததே நியாய வணிகம். 1989-இல் தோன்றிய உலக நியாய வணிக அமைப்பு பத்து நெறிகளை வகுத்துள்ளது. உழைப்புக்கேற்ற விலையைக் கலந்துபேசி முடிவு செய்தல், ஆண் பெண் வேற்றுமை பாராமை, கைவினைஞர் கேட்டால் வட்டியின்றிப் பாதி விலையையேனும் முன்பணமாகத் தருதல் ஆகியவை அவற்றுட் சில. முன்பணம் கிடைத்தால், சாயம் வாங்க வியாபாரியிடம் கடன்பட்டு, அவர் சொன்ன விலைக்கே விற்கும் நிலை நீங்கும்.

கூட்டாக நிற்பதும் பலன் தரும். சிலாங்கூரின் கேரித் தீவில் மா மெரி பழங்குடிப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து, தாங்கள் முடைந்த பொருள்களை விற்றுக் காட்டினர்.

ஆகவே, கைவினைப் பொருள் வாங்கும்போது, முடைந்தவர் யார், அவருக்கு எவ்வளவு சேரும் எனக் கேளுங்கள். தோட்டங்களில் தையலோ கூடை பின்னுதலோ செய்யும் பெண்களும், விலை சொல்லுமுன் பொருட்செலவோடு உழைத்த நாட்களையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ளவேண்டும். கூலியைச் சேர்க்காத விலை நியாயமான விலை ஆகாது.