காலத்துக்கு முன் ஏன் வலி வந்தது?

"இன்னும் ஏழு கிழமை இருக்குன்னு மிட்வைப் அம்மா சொன்னாங்க. அதுக்குள்ள ஏன் வலி வந்துச்சு?"

அப்புத்தளையில் தாய்மார் கூட்டமொன்றில் ஓர் இளம் தாய் எம்மிடம் கேட்ட கேள்வி இது. மண்சரிவு அபாயம் காரணமாக லயத்தை விட்டு வெளியேற்றப்பட்ட குடும்பம் அவருடையது. பல வாரங்கள் ஒரு பொது மண்டபத்தில் தங்கியிருந்தார்கள். மலசலகூடம் மண்டபத்திற்கு வெளியே, வெளிச்சமில்லாத இடத்தில் இருந்தது. இரவில் போகப் பயந்து சலத்தை அடக்கிக்கொண்டார். அதற்காகவே மாலையில் தண்ணீர் குடிப்பதையும் விட்டுவிட்டார். சில நாட்களில் சலம் போகும்போது எரிந்தது. "உடம்புச் சூடு" என்றார்கள் அயலவர்கள். அவரும் யாரிடமும் சொல்லவில்லை. முப்பத்து மூன்றாவது வாரத்தில் வலி கண்டது. பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஆனால் "பாரம் தூக்கினாள்", "கண்ணூறு", "அவள் ராசி" என்று உறவினர் சொன்ன காரணங்கள் எல்லாம் அந்தத் தாயின் தலையிலேயே விழுந்தன.

அந்தக் கேள்விக்கு விடை தேடுவது எமது கடமை என நினைத்தோம். தெரிந்துகொண்டதை இங்கே தருகிறோம்.

சேமித்து வைத்த விறகு

மழைக்காலத்துக்கென்று அடுப்புக்கு மேலே பரணில் விறகு சேர்த்து வைப்பது எமது வழக்கம். நெருப்பு எட்டாதவரை அந்த விறகு சும்மா கிடக்கும். கருப்பையினுள்ளும் இதைப் போன்ற ஒரு சேமிப்பு உண்டு.

பிள்ளையைச் சுற்றியுள்ள பனிக்குடப் பையின் தோல் கோடிக்கணக்கான நுண்ணிய கலங்களால் ஆனது. அந்தக் கலங்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத சிறு கொழுப்புத் துளிகள் இருக்கின்றன. கலங்களின் சுவர்களிலும் கொழுப்பு உண்டு. இந்தக் கொழுப்புகளில் அராக்கிடோனிக் அமிலம் என்ற பொருள் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. உரிய நேரம் வந்ததும் உடலின் நொதியங்கள் கொழுப்பை வெட்டி அதை விடுவிக்கின்றன. விடுபட்ட அமிலம் புரொஸ்டகிளாண்டின் என்ற பொருளாக மாறுகிறது. இதுவே கருப்பையின் வாயை மெதுவாக்குகிறது. கருப்பையைச் சுருங்கச் செய்கிறது. அந்தச் சுருக்கத்தைத்தான் நாம் பிரசவ வலி என்கிறோம்.

இப்பொருளின் வலிமையைப் பிரசவத்தில் காட்டியவர்களில் ஒருவர், ஆபிரிக்காவின் உகண்டாவில் பணியாற்றிய மருத்துவ ஆய்வாளர் கரீம். இதனை ஊசி வழியே செலுத்திப் பிரசவ வலியைத் தொடக்க முடியும் என்று அவர் 1968 இல் அறிவித்தார். புரொஸ்டகிளாண்டின் பற்றிய ஆய்வுகளுக்காக சுவீடனைச் சேர்ந்த இருவரும் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோன் வேனும் 1982 இல் நோபல் பரிசு பெற்றனர்.

ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். இது வயிற்றிலும் இடுப்பிலும் காணும் கொழுப்பு அல்ல. மெலிந்த தாய்க்கும் இந்தச் சேமிப்பு உண்டு. ஆகவே சாப்பாட்டைக் குறைத்தால் வலி பிந்தும் என்றோ, பிள்ளை சிறிதானால் பிரசவம் சுலபம் என்றோ எண்ணிப் பட்டினி கிடப்பது தாய்க்கும் பிள்ளைக்கும் கேடு.

நெருப்பு எங்கிருந்து வருகிறது?

மலையில் வேலை செய்யும்போது காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவக்கிறது, சுடுகிறது, வீங்குகிறது, நோகிறது. கிருமியை எதிர்க்க உடல் தன் வெள்ளை அணுக்களை அங்கே அனுப்புவதன் அடையாளம் அது. இதற்கு அழற்சி என்று பெயர்.

பத்தாம் மாதத்தில், கிருமி எதுவும் இல்லாமலே, கருப்பையிலும் அதன் வாயிலும் இத்தகைய ஓர் அழற்சி தானாகத் தொடங்குகிறது. வெள்ளை அணுக்கள் வந்து சேர்கின்றன. அவை விடும் இரசாயனச் செய்திகள், கொழுப்பை வெட்டும் வேலையைத் தூண்டுகின்றன. விறகில் நெருப்பு பற்றுகிறது. இது நல்ல நெருப்பு. பிள்ளை முதிர்ந்துவிட்டபின் வருவது.

ஆனால் கிருமித்தொற்றினால் எழும் அழற்சி நாள் பார்ப்பதில்லை. ஏழாம், எட்டாம் மாதத்திலும் அதே விறகை அது பற்ற வைத்துவிடலாம். ஆடு மாடு வளர்த்தவர்களுக்கு இது புதிதல்ல. தொற்று நோய் கண்ட சினைமாடு காலத்துக்கு முன் கன்று போடுவதை நாம் பார்த்திருக்கிறோம்.

சலத்தில் தொற்று, அது சிறுநீரகம்வரை ஏறுவது, பிறப்புவழித் தொற்று, கடும் காய்ச்சல் ஆகியன இந்த ஆபத்தைக் கூட்டுகின்றன. முரசு வீங்கி இரத்தம் கசியும் தாய்மாரிடமும் முற்கூட்டிய பிரசவம் அதிகம் எனக் கண்டுள்ளனர். எல்லா முற்கூட்டிய பிரசவங்களுக்கும் தொற்றுத்தான் காரணம் என்பதல்ல. பலவற்றுக்குக் காரணம் தெரிவதேயில்லை. உலகில் 2020 இல் மட்டும் 1 கோடி 34 இலட்சம் குழந்தைகள் 37 வாரம் நிறையுமுன் பிறந்தன. ஏறத்தாழப் பத்துக்கு ஒன்று. ஆனால் தொற்று என்பது கண்டுபிடிக்கக்கூடிய, மருந்தால் மாற்றக்கூடிய காரணம். அதனால்தான் அதைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம்.

இடம்பெயர்ந்த இடத்தில் இரட்டைச் சுமை

கர்ப்ப காலத்தில் சலம் மெதுவாகவே இறங்குகிறது. அத்துடன் தண்ணீர் குடியாமலும் அடக்கிக்கொண்டும் இருந்தால் கிருமி பெருக இடமுண்டாகிறது. தங்குமிடங்களில் நடப்பது இதுதான்.

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. தப்பியவர்கள் பாடசாலைகளிலும் பின்னர் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றிலும் தங்கினர். புதிய வீடுகள் 2016 இல்தான் கையளிக்கப்பட்டன. ஒரு கர்ப்பம் பத்து மாதம். அங்கே காத்திருப்பு இரண்டு வருடம். 2025 நவம்பரில் டித்வா புயலின் மழையில் பதுளை மாவட்டம் மறுபடியும் மண்சரிவுகளைக் கண்டது. ஆகவே எந்தத் தங்குமிடத்திலும் கர்ப்பிணிகள் இருப்பார்கள் என்று முன்கூட்டியே எண்ணித்தான் ஒழுங்கு செய்ய வேண்டும். மலசலகூடத்துக்கு ஒரு விளக்கு, உட்புறம் ஒரு கொண்டி, ஒரு வாளித் தண்ணீர் என்பவை சிறிய விடயங்கள் அல்ல.

தாய்மார் செய்யக்கூடியவை

இடம்பெயர்ந்தாலும் கர்ப்பிணி அட்டையை உடன் கொண்டு செல்லுங்கள். புதிய இடத்துக்குப் பொறுப்பான மிட்வைப்பிடம் உடனே பதிந்துகொள்ளுங்கள். எரிவு இல்லாமலும் சலத்தில் கிருமி இருக்கலாம். கிளினிக்கில் சலப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். கொடுத்த மருந்தை எரிவு நின்றதும் நிறுத்தாமல் முழுவதும் குடியுங்கள். கொதித்தாறிய நீரைப் பகல் முழுவதும் அருந்துங்கள். சலத்தை அடக்காதீர்கள். இரவில் துணைக்கு ஒருவரை எழுப்புவதில் வெட்கமில்லை.

நோவுக்குக் கடையில் குளிசை வாங்கி விழுங்க வேண்டாம். ஐபுபுரூபன், டைக்குளோபெனாக் போன்றவை புரொஸ்டகிளாண்டினைத் தடுப்பவை. அதனால் அவை நல்லவை என்று எண்ணிவிடலாகாது. ஐந்தாம் மாதத்துக்குப் பின் அவை பிள்ளையின் சிறுநீரகத்தையும் இதயக் குழாயையும் பாதிக்கலாம். வைத்தியர் எழுதித் தந்த சிறிய அஸ்பிரினை மட்டும் அவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.

திரிபோஷ தாய்க்குத் தரப்பட்டால் தாயே உண்ண வேண்டும். நெத்தலி, சாளை, டின்மீன் போன்றவற்றிலுள்ள கொழுப்பு வேறு வகையானது. அவ்வகைக் கொழுப்பைக் கூடுதலாகப் பெற்ற தாய்மாரிடம் முற்கூட்டிய பிரசவம் சற்றுக் குறைவு என, 2018 இல் 70 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டனர். நிவாரணப் பொதியில் டின்மீன் வந்தால் கர்ப்பிணிக்கும் ஒரு பங்கு வையுங்கள்.

உடனே புறப்பட வேண்டிய அறிகுறிகள்

37 வாரத்துக்கு முன் வயிறு விட்டுவிட்டு இறுகுதல், இடுப்பு நோ வந்து வந்து போதல், நீர் கசிதல், இரத்தம் காணுதல், காய்ச்சலுடன் விலாப்பக்க நோ ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் விடியும்வரை காத்திராதீர்கள். 1990 இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். பாதை உடைந்திருந்தால் யார் சுமப்பது, யாருடைய வாகனம் என்பதை முன்னரே பேசி வைத்திருங்கள்.

நேரத்தோடு போவதற்கு ஒரு காரணம் உண்டு. நியூசிலாந்து வைத்தியர் லிக்கின்ஸ் செம்மறியாடுகளை ஆராய்ந்தபோது, ஸ்டீரொயிட் மருந்து பெற்ற குறைமாதக் குட்டிகளின் நுரையீரல் விரிந்து மூச்செடுப்பதைக் கண்டார். 1972 இல் அவரும் ஹோவியும் தாய்மாருக்கு அம்மருந்தைக் கொடுத்துப் பெற்ற பலனை வெளியிட்டனர். இன்றும் குறைமாதப் பிள்ளைகளைக் காப்பது அந்த ஊசியே. ஆனால் பிள்ளை பிறக்குமுன் அது உடலில் சேர நேரம் வேண்டும். அந்த நேரத்தைத் தரக்கூடியவர் தாமதியாமல் புறப்படும் தாயும் அவரைக் கொண்டு செல்லும் அயலவருமே.

அந்த இளம் தாயிடம் நாம் சொன்னது இதுதான்: "அம்மா, இதுல உங்க குத்தம் ஒன்னுமில்ல." இருட்டில் மலசலகூடம் கட்டிய நாமெல்லாரும்தான் யோசிக்க வேண்டும்.

குழுக்களில் கலந்துரையாட

1. எமது தங்குமிடத்தில் அல்லது குடியிருப்பில் இரவில் ஒரு பெண் பயமின்றி மலசலகூடம் போக முடிகிறதா? இல்லையெனில் இந்த மாதம் எதைத் திருத்தலாம்?

2. எம்மிடையே இப்போது எத்தனை கர்ப்பிணிகள் உள்ளனர்? அவர்கள் எல்லோரும் மிட்வைப்பிடம் பதிந்துள்ளார்களா?

3. நள்ளிரவில் வலி கண்டால் முதலில் யாரை எழுப்புவோம்?