உஷார்! கடற்கரை டென்டுக்கு அட்வான்ஸ் போடும் முன்...

பெங்களூரு ஈஜிபுரா பிஜிக்களில் தங்கி வேலை பார்க்கும் தம்பி, தங்கைகளே! ஓசூரிலும் சேலத்திலும் திருச்சியிலும் இருந்துகொண்டு அவர்களை நினைத்து வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கும் பெற்றோர்களே! இந்த வாரக் கடைசியில் கோகர்ணாவுக்கோ முருடேஸ்வரத்துக்கோ போய் டென்டில் தங்கப்போவதாக யாராவது சொன்னால், "பத்திரமா போயிட்டு வா" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். சில கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். பதில் கிடைக்காவிட்டால் பயணத்தை நிறுத்த வேண்டும். பயந்துபோய்த்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் வாரம் தவறாமல் ஒரு போஸ்டர் வந்து விழுகிறது. கடலைப் பார்த்தபடி வெள்ளை டென்ட், உள்ளே கட்டில், மெத்தை, சரம் சரமாகக் குட்டி விளக்குகள். கேம்ப்ஃபயர், பார்பிக்யூ, கயாக்கிங், டிஜே எல்லாம் சேர்த்துத் தலைக்கு மூவாயிரத்துச் சொச்சம். வெள்ளி இரவு ஒன்பதரைக்கு சோனி வேர்ல்ட் சிக்னலில் பிக்கப், திங்கள் விடிகாலை டிராப். கீழே ஒரு செல்போன் எண், ஒரு க்யூஆர் கோடு. கேம்ப்பின் பெயர் இல்லை, ஊர் இல்லை, உரிமையாளர் யார் என்று இல்லை. அந்த எண்ணுக்குப் பேசினேன். கன்னடத்தில் ஆரம்பித்த பையன், என் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறினான்.

"கேம்ப் எந்த இடத்துல தம்பி? யாரோட நிலம்?"

"பீச் பக்கத்துலதான் சார். வண்டி கிளம்பினதும் லொகேஷன் ஷேர் பண்ணுவோம்."

"கடல்ல இறங்குற இடத்துல லைஃப்கார்டு இருப்பாங்களா?"

"எல்லாரும் போறாங்க சார், ஒண்ணும் ஆகாது."

அந்தப் பையன் கெட்டவன் கிடையாது. அவனுக்கே தெரியவில்லை. அவன் ஆள் பிடித்துக் கொடுக்கிறான், வண்டி வேறொருவருடையது, டென்ட் போட்டிருப்பவர் மூன்றாவது ஆள். நிலத்தை அவருக்குக் குத்தகைக்கு விட்டவர் நாலாவதாக எங்கோ இருக்கிறார். நடு இரவில் ஒன்று நடந்தால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவார். அந்த இடத்துக்குப் பொறுப்பானவர் யார் என்று தெரியாமல் 500 கி.மீ. தள்ளிப் போய்ப் படுப்பதுதான் இதில் முதல் ஆபத்து. மற்ற ஆபத்துகள் எல்லாம் இதன் பின்னால்தான் வருகின்றன.

அவற்றில் பெரியது கடல். 2024 டிசம்பர் 10 அன்று கோலார் மாவட்டம் முல்பாகல் பக்கத்து மொரார்ஜி தேசாய் உறைவிடப் பள்ளியிலிருந்து சுற்றுலா போன பிள்ளைகள் முருடேஸ்வரத்தில் கடலில் இறங்கினார்கள். நான்கு சிறுமிகள் உயிரோடு திரும்பவில்லை. அதன் பிறகுதான் கடற்கரையை மூடினார்கள், ஆசிரியர்கள்மீது நடவடிக்கை எடுத்தார்கள். 2025 ஏப்ரலில் கோகர்ணா அருகே ஜடாயு தீர்த்தத்தின் பாறைப் பகுதியில், திருச்சியிலிருந்து நண்பர்களோடு போயிருந்த மருத்துவ மாணவிகள் இருவரை அலை கொண்டுபோனது. அதற்கு முந்தைய ஆண்டு, 2024 மே 6-ல், கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்தார்கள். உயிரின் அருமை தெரிந்த படிப்பைப் படித்தவர்கள். கடலில் அந்தப் படிப்பு கைகொடுக்கவில்லை.

லெமூர் சம்பவத்தன்று வானம் நம்மை ஏமாற்றியது. புயல் இல்லை, மழை இல்லை. ஆனால் 'கள்ளக்கடல்' வரப்போகிறது என்று ஹைதராபாத்தில் இருந்து கடல் நிலவரத்தைக் கணித்துச் சொல்லும் இன்காய்ஸ் மையம் அதற்கு முன்பே எச்சரித்திருந்தது. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடிக்கும் பலத்த காற்று எழுப்பும் நீண்ட அலைகள், ஆயிரக்கணக்கான கி.மீ. கடந்து சில நாள் கழித்து நம் கரைக்கு வந்து சேரும். உள்ளூரில் காற்றே அசையாத நேரத்தில் தண்ணீர் திடீரென்று கரைமேல் ஏறும். மீனவர்கள் இதை அறிவார்கள். வெள்ளி இரவு வண்டி ஏறிய ஐடி பையனுக்கு எப்படித் தெரியும்? கிளம்புவதற்கு முன் இன்காய்ஸ் இணையதளத்தில் அந்த மாவட்டத்துக்கு எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

இன்னொன்று, கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம். அலைகள் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் ஏதோ ஒரு வழியாகக் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். அது ஓர் ஒடுங்கிய பள்ளத்தின் வழியாக, பாறை இருந்தால் பெரும்பாலும் அதன் ஓரமாக, வேகமாக வெளியேறும். அந்த இடத்தில் அலை உடையாது, நுரை குறைவாக இருக்கும். நீச்சல் தெரியாதவர்கள் "இங்கே அலை கம்மியா இருக்கு" என்று தேடிப்போய் நிற்பது பல நேரம் அங்கேதான். ஓம் கடற்கரை, குட்லே, ஹாஃப் மூன், பாரடைஸ் என்று கோகர்ணாவில் நாம் ஆசைப்பட்டுப் போகும் இடங்கள் எல்லாம் பாறை முனைகளுக்கு நடுவே இருப்பவை. அழகும் அதனால்தான், ஆபத்தும் அதனால்தான்.

இழுக்கப்பட்டால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடாதீர்கள். நல்ல நீச்சல்காரரும் அதில் களைத்துப்போவார். மல்லாந்து மிதந்தபடி கையைத் தூக்கிக் காட்டுங்கள். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு குறைந்த பிறகு கரைக்குத் திரும்புங்கள். கூட வந்தவர்களுக்கு இதைவிட முக்கியமான ஒன்று சொல்கிறேன்: நண்பனைக் காப்பாற்ற நீங்களும் குதிக்காதீர்கள். ஒருவருக்காக இன்னொருவர், அவருக்காக மூன்றாமவர் என்று இறங்கித்தான் ஒரே குழுவில் நான்கு, ஐந்து உயிர் போகிறது. காலி வாட்டர் கேன், கயிறு, கட்டை, எது மிதக்குமோ அதை வீசுங்கள். உள்ளூர் ஆட்களைக் கூப்பிடுங்கள். நீச்சல் தெரியாதவர்களுக்கு முழங்கால் அளவுதான் எல்லை. அதுவும் லைஃப்கார்டு நிற்கும் கடற்கரையில் மட்டும்.

இந்த பேக்கேஜ்களின் நேர அட்டவணையைப் பாருங்கள், அதிலேயே ஆபத்து இருக்கிறது. இரவு முழுவதும் தூங்காமல் வந்தவர்களைச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு இறக்கிவிடுகிறார்கள். டென்ட் தயாராகப் பதினொன்று, பன்னிரண்டு ஆகும். பையை ஓரமாக வைத்துவிட்டுக் கடலுக்குள் ஓடுவதைத் தவிர அந்த இடைவெளியில் செய்ய வேறொன்றும் இல்லை. சாயங்காலம் அதோடு மதுவும் சேர்ந்துகொள்கிறது. மழைக்காலம் என்றால் பேச்சே வேண்டாம். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அது மீன்களின் இனப்பெருக்கத்துக்காக என்றாலும், தென்மேற்குப் பருவமழை கடலைக் கொந்தளிக்க வைக்கும் மாதங்களும் அவைதான். அந்த நாட்களில் 'மான்சூன் பீச் கேம்பிங்' என்று யாராவது அழைத்தால் எண்ணையே பிளாக் செய்யுங்கள்.

கடலில் இறங்கவே மாட்டோம், சொகுசு டென்ட் போடும் கிளாம்பிங் ரிசார்ட்டில் நீச்சல்குளம் இருக்கிறது என்பவர்கள் 2024 நவம்பர் 17-ஐ நினைத்துப் பாருங்கள். மங்களூரு அருகே உள்ளால் பக்கம் ஒரு கடலோர ரிசார்ட். ஞாயிற்றுக்கிழமை காலை. மைசூருவிலிருந்து வந்திருந்த கல்லூரிப் பெண்கள் மூன்று பேர் குளத்தில் இறங்கினார்கள். ஒரு பக்கம் ஆழம் குறைவு, மறுபக்கம் ஆறடி. ஒருத்தி ஆழத்துக்குப் போய்விட, காப்பாற்றப் போனவர்களும் மூழ்கினார்கள். எல்லாம் கேமராவில் பதிவாகியிருந்தது, காப்பாற்றத்தான் அருகில் ஆள் இல்லை. மூவரும் இறந்த பிறகு உரிமையாளரையும் மேலாளரையும் கைது செய்தார்கள். ஆழம் எழுதியிருக்கிறதா, மிதவை வளையம் தொங்குகிறதா, காவலுக்கு ஆள் நிற்கிறாரா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று குறைந்தாலும் கால்கூட நனைக்காதீர்கள்.

இனி இரவு நேர ஆபத்து. இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்காவது இது தெரிந்திருக்காது என்பதால் நிதானமாகச் சொல்கிறேன். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்குத் திருச்சியிலிருந்து நண்பர்கள் போனார்கள். இரவு பார்பிக்யூ போட்டுச் சாப்பிட்டார்கள். குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று கரி அடுப்பு இருந்த அறையிலேயே இருவர் படுத்தார்கள். காலையில் அவர்கள் எழவில்லை. எரிந்து அடங்கிய கரி கார்பன் மோனாக்சைடை விட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலாக அது ரத்தத்தின் ஹீமோகுளோபினை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், பிறகு தூக்கம். குடித்திருந்தால் போதை என்றே நினைத்துக்கொள்வீர்கள். 2020 ஜனவரியில் நேபாளத்தின் தமன் என்ற இடத்தில் ஒரு ரிசார்ட் அறையில் கேஸ் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு தூங்கிய கேரளத்துக்காரர்கள் எட்டுப் பேர், குழந்தைகள் உட்பட, இப்படித்தான் போனார்கள்.

கடற்கரையில் குளிராதே என்று நினைக்கலாம். அங்கே நடப்பது வேறு மாதிரி: நடுராத்திரி தூறல் விழும், காற்று அடிக்கும், அடுப்பு நனையக் கூடாது என்று யாராவது அதை டென்ட் வாசலுக்குள் இழுத்துவைப்பார்கள். ஜிப்பை மூடிவிட்டால் உள்ளே இருக்கும் காற்று ரொம்பக் கொஞ்சம். கரி சாம்பல் பூத்து அணைந்ததுபோல் இருந்தாலும் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடியும் ஊற்றுங்கள். அடுப்பை டென்டை விட்டுப் பல அடி தள்ளி வையுங்கள். ஏசி வைத்த கிளாம்பிங் டென்ட் என்றால் ஜெனரேட்டர் எங்கே ஓடுகிறது, அதன் புகை எந்தப் பக்கம் போகிறது என்றும் பாருங்கள். ஈர மணலில் ஜாயின்ட் போட்ட வயர் ஓடினால், மெயின் போர்டில் மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லாமல் இருந்தால், அங்கே படுக்காதீர்கள். உப்புக்காற்றில் செம்பும் இரும்பும் எவ்வளவு சீக்கிரம் அரிக்கும் என்று கடலோரத்தில் வீடு வைத்திருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அனுமதி இல்லாத இடம் என்றால் என்ன ஆகும் என்பதற்கு வயநாடு சாட்சி. 2021 ஜனவரியில் மேப்பாடி அருகே டென்டில் தங்கியிருந்த இளம்பெண்ணை யானை மிதித்துக் கொன்றது. டென்ட் போட அங்கே உரிமமே இல்லை என்பது பிறகுதான் வெளியே வந்தது. 2025 மே மாதம் அதே மேப்பாடிப் பக்கம் 900 கண்டியில், தங்குவதற்குப் போட்டிருந்த குடில் சரிந்து 24 வயதுப் பெண் ஒருவர் இறந்தார். கடற்கரையில் யானை வராது, ஆனால் காற்று வரும். அலை ஏறும் கோட்டுக்கு அருகே மணலில் முளை அடித்த டென்ட் எவ்வளவு நேரம் தாங்கும்? போய்ச் சேர்ந்ததும் மணலில் காய்ந்த பாசியும் குப்பையும் வரிசையாக ஒதுங்கியிருக்கும் கோட்டைத் தேடுங்கள். தண்ணீர் அதுவரை ஏறி வந்திருக்கிறது என்று அர்த்தம். உங்கள் டென்ட் அதற்கு மேலே, நன்றாகத் தள்ளி இருக்க வேண்டும். காட்டிய இடம் சரியில்லை என்றால் தயங்காமல் ஊருக்குள் போய் லாட்ஜில் அறை எடுங்கள். போன பணம் போகட்டும்.

பாதையும் லேசானதில்லை. 2024 ஜூலை 16-ல் அங்கோலா அருகே சிரூரில் தேசிய நெடுஞ்சாலை 66-மீது மலை சரிந்தது. சாலையோர டீக்கடையே அடித்துச் செல்லப்பட்டது. கேரள லாரி ஓட்டுநர் ஒருவரின் உடலை ஆற்றிலிருந்து எடுக்க இரண்டு மாதத்துக்கும் மேல் ஆனது. ஓட்டுநரின் களைப்பும் ஆபத்துதான். கோகர்ணாவுக்குப் போகும் டெம்போ டிராவலரில் ஓட்டுநர் ஒருவர்தான் என்றால் அவர் வெள்ளி இரவும் ஓட்டி, ஞாயிறு இரவும் ஓட்டுகிறார். இரண்டாவது ஓட்டுநர் உண்டா, வண்டி மஞ்சள் போர்டா என்று கேளுங்கள்.

பணம் தனிநபர் கணக்குக்கு யுபிஐ வழியாக மட்டும்தான் என்றால், ரசீது கிடையாது என்றால், போடாதீர்கள். போலி பயண புக்கிங் தளங்களைப் பற்றி மத்திய உள்துறையின் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையமே 2025-ல் எச்சரித்தது. ஏமாந்தது தெரிந்த உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். தாமதித்தால் பணம் கணக்கு மாறிப் போய்விடும்.

இப்போது கேள்விகளுக்கு வருகிறேன். கேம்ப்பின் பெயர், கூகுள் மேப் இடம், அங்கேயே இரவில் தங்கும் பொறுப்பாளரின் பெயரும் எண்ணும், பஞ்சாயத்து உரிமத்தின் போட்டோ, பக்கத்து ஆஸ்பத்திரி எத்தனை கி.மீ. இவற்றை ஏஜென்டிடம் வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். பொறுப்பாளருக்கு நீங்களே போன் செய்து, உங்கள் தேதியில் உங்கள் பெயரில் புக்கிங் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பெண்கள் மட்டும் போகிறீர்கள் என்றால் கழிப்பறை டென்டிலிருந்து எவ்வளவு தூரம், வழியில் வெளிச்சம் இருக்கிறதா, இரவுக் காவலுக்கு யார் என்பதையும் கேளுங்கள்.

இந்த விவரங்களோடு வண்டி எண்ணையும் சேர்த்து, பிஜி நடத்தும் அக்காவுக்கும் ஊரில் ஒருவருக்கும் அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள். சனி இரவு பத்து மணிக்கு ஒரு மெசேஜ், ஞாயிறு இரவு வண்டி ஏறியதும் ஒரு மெசேஜ் போடுவதாகச் சொல்லுங்கள். சிக்னல் இல்லாத இடம் என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொன்ன நேரத்தில் வரவில்லை என்றால் முதலில் கேம்ப் பொறுப்பாளருக்கும், அவர் எடுக்காவிட்டால் 112-க்கும் அழைக்க வேண்டும் என்று அவர்களிடம் சொல்லி வையுங்கள்.