தாடிக்கார ஜாடிக்கு கார்டினல் பெயர் வந்தது எப்படி?

கல்பாக்கம் பக்கம் போகிறவர்கள் சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டையை ஒரு தடவையாவது எட்டிப் பார்த்திருப்பார்கள். செங்கல் மதில், சித்திர வேலைப்பாடு செய்த கல்லறைகள், பக்கத்திலேயே கடல். மஸ்லின் துணி வாங்க இங்கே வந்த டச்சுக் கிழக்கிந்திய கம்பெனியின் கப்பல்களில், அந்தக் காலத்தில் ஒரு வித்தியாசமான ஜாடியும் பயணம் செய்தது. அதன் கழுத்தில் தாடி வைத்த ஓர் ஆளின் முகம் இருக்கும்!

அது என்ன ஜாடி?

நம்ம வீட்டு ஊறுகாய் ஜாடி ரகம்தான். களிமண்ணை 1,200 டிகிரி அளவு சூட்டில் சுட்டால் கல் மாதிரி இறுகிவிடும், கசியாது. சூளைக்குள் உப்பை வீசுவார்கள். அந்த ஆவி மண்ணோடு சேர்ந்து கண்ணாடிப் பூச்சாகப் படியும். 16, 17-ம் நூற்றாண்டுகளில் ஜெர்மனியின் கொலோன், ஃப்ரெஷன் பகுதிக் குயவர்கள் செய்தது இது. ஒயின், பீர், எண்ணெய் எல்லாம் இதில் போகும்.

ஆஸ்திரேலியா அருகே 1656-ல் மூழ்கிய 'வெர்குல்டே டிராக்' என்ற டச்சுக் கப்பலின் சிதைவிலும் இந்த ஜாடிகள் கிடைத்தன.

பெயர் எப்படி வந்தது?

ஜெர்மன்காரர்கள் சொல்வது 'பார்ட்மன்', அதாவது தாடிக்காரன். இங்கிலாந்தில் இதற்கு 'பெல்லார்மின்' என்று பெயர். ராபர்ட் பெல்லார்மின் (1542-1621) இத்தாலியக் கார்டினல், புராட்டஸ்டன்ட்களைக் கடுமையாக எதிர்த்தவர். அவரைக் கிண்டல் செய்யத்தான் இந்த முகம் என்பது பிரபலமான கதை.

கதை உண்மையா?

இங்கேதான் ட்விஸ்ட். 16-ம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே தாடி ஜாடிகள் வந்துவிட்டன. அப்போது பெல்லார்மின் சின்னப் பையன், தாடியே முளைத்திருக்காது! முகம் முதலில் வந்தது, கிண்டல் பெயர் பிறகு ஒட்டிக்கொண்டது. ஐரோப்பிய நாட்டுப்புறக் கதைகளில் வரும் 'காட்டு மனிதன்'தான் இந்த முகத்துக்கு மூலம் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து.

இங்கிலாந்தில் சிலர் இதில் ஊசி, முடி, சிறுநீர் போட்டு அடுப்படியில் புதைத்தார்கள். சூனியத்தைத் தடுக்குமாம்!

நமக்கு என்ன?

பெயர் ஒட்டிக்கொண்டால் அவ்வளவு சீக்கிரம் போகாது. டச்சுக்காரர்கள் போய் 200 வருஷம் ஆகிறது. அவர்களுடைய 'டௌட்' காசுதான் நம்ம வாயில் இன்னும் 'துட்டு'. ஐரோப்பியர் நாக்கில் 'சட்ராஸ்' ஆன சதுரங்கப்பட்டினத்தை, பலர் இப்போதும் அப்படித்தான் தேடுகிறார்கள்.

ஆனால், ஒரு பெயரை மட்டும் வைத்து வரலாறு எழுதினால் தப்பாகிவிடும். ஜாடியைச் செய்யாத கார்டினலின் பெயர் நிலைத்துவிட்டது. சூளையில் வெந்த குயவரும், இந்தக் கரையில் மஸ்லின் நெய்த நெசவாளரும் பெயர் இல்லாமலே போய்விட்டார்கள். அடுத்த முறை கோட்டைக்குப் போனால், கல்லறையில் இருக்கும் பெயர்களோடு இவர்களையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.