ஒரு வரைவு, பல மொழிகள்: கணிப்பொறி நிரல்களின் பிணைப்பும் தமிழ் எழுத்தும்

‘காரைக்குடி’ என்னும் ஊர்ப்பெயரில் எத்தனை எழுத்துகள் உள்ளன? தமிழ் கற்கத் தொடங்கிய சிறுவனும் விரல் மடக்கி, ‘ஐந்து’ என்று விடை கூறிவிடுவான். கா, ரை, க், கு, டி என அவன் எண்ணுவது நம் இலக்கண மரபுக்கும் ஒத்ததே. இதே வினாவைக் கணிப்பொறியிடம் விடுத்தால் விடை ஒன்றாக வருவதில்லை. யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கப்பெற்ற இச்சொல்லின் நீளத்தைச் சி மொழியின் வழக்கமான செயற்கூறு 30 என்கிறது. பைத்தானும் ஜாவாவும் 10 என்கின்றன. ஸ்விஃப்ட் மொழி மட்டும் 5 என்கிறது.

இவற்றுள் எதுவும் பொய் கூறவில்லை. சி மொழி பைட்டுகளை எண்ணியது. பைத்தானும் ஜாவாவும் யூனிகோடு குறியீடுகளை எண்ணின. யூனிகோட்டில் ‘கா’ என்பது ககரமும் காலும் சேர்ந்த இரு குறியீடுகள். ‘க்’ என்பது ககரமும் புள்ளியும் சேர்ந்த இரு குறியீடுகள். ஒவ்வொரு குறியீடும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட்டுகளைக் கொள்ளும். ஆகவே 5 எழுத்து 10 குறியீடாகி, 10 குறியீடு 30 பைட்டாகிறது. ‘நீளம்’ என்று கேட்டவர் எதன் நீளம் என்று சொல்லாமல் விட்டதே குழப்பத்துக்குக் காரணம்.

இங்ஙனம் சொல்லாமல் விடப்படுவதைச் சொல்லி வைக்கும் ஆவணம் ஒன்று மென்பொருள் உலகில் உண்டு. அதனை ‘இடைமுக வரைவு’ எனலாம். அவ்வரைவிலிருந்து பல நிரல்மொழிகளுக்கும் உரிய பிணைப்புகளைக் கருவிகளே ஆக்கித் தரும் முறையை விளக்குவதும், தமிழ் கற்போருக்கு அதில் என்ன பங்குண்டு என்று காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிணைப்பு என்பது யாது?

கணிப்பொறிக்கு ஆணையிடும் மொழிகள் பல. ஒரு மொழியில் அரிதின் முயன்று எழுதிய நிரல்தொகுதியைப் பிற மொழியினரும் பயன்படுத்த விரும்புவது இயல்பு. அத்தகைய தொகுதியை ‘நிரலகம்’ என்று இக்கட்டுரையில் குறிப்போம். சி மொழியில் எழுதிய நிரலகத்தைப் பைத்தான் மொழியினர் அழைக்க வேண்டுமாயின், இரண்டுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தேவை. ஒரு மொழியின் எண், சொல், பட்டியல் ஆகியவற்றை மற்றொரு மொழியின் வடிவுக்கு மாற்றி அனுப்பி, விடையைத் திரும்ப மாற்றித் தரும் அந்த இடைநிரலே பிணைப்பு எனப்படும்.

பிணைப்புகளைக் கையால் எழுதுவது இயலாததன்று. ஆயினும் கணக்கு நம்மை அச்சுறுத்தும். 5 நிரலகங்கள், 6 மொழிகள் என்று கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே எழுதின் 30 பிணைப்புகள் வேண்டும். நிரலகத்துக்கு ஒரு வரைவு, மொழிக்கு ஓர் ஆக்கக் கருவி என்று வைத்துக்கொண்டால் 5 வரைவும் 6 கருவியுமாக 11 படைப்புகள் போதும். நிரலகத்தில் ஒரு மாற்றம் நேரும்போது, முன்னைய முறையில் 6 இடங்களில் திருத்த வேண்டும். பின்னைய முறையில் வரைவில் ஓரிடத்தில் திருத்திக் கருவிகளை மீண்டும் இயக்கினால் போதும்.

நம் ஊரை அடுத்த ஆத்தங்குடியில் தளக்கல் செய்வதைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும். கண்ணாடித் தகட்டின்மேல் உலோக அச்சினை வைத்து, அதன் அறைகளில் வண்ணக் கலவையை ஊற்றுகின்றனர். வண்ணம் கல்லுக்குக் கல் வேறுபடலாம். பூவின் இதழ் எத்தனை என்பதை அச்சு உறுதி செய்துவிடுகிறது. கூடத்தில் நூறு கற்களைப் பதித்தாலும் கோடு கோட்டோடு பொருந்துவது அதனாலேதான். அச்சின்றி ஒவ்வொரு கல்லிலும் கையால் வரைந்திருந்தால் அப்பொருத்தம் வாய்க்குமா?

வரைவில் இருப்பவை

இடைமுக வரைவு நிரலகத்தின் உள்வேலையைக் கூறுவதில்லை. வாயிலில் நடக்கும் கொடுக்கல் வாங்கலை மட்டுமே கூறும். எழுத்தெண்ணும் செயற்கூறு ஒன்றுக்குத் தமிழிலேயே ஒரு வரைவு எழுதினால் அது பின்வருமாறு அமையும்:

செயற்கூறு: எழுத்தெண்ணு
பெறுவது: ஒரு சொல், இல்லாதிருத்தல் கூடாது
தருவது: முழு எண், அலகு எழுத்து
பிழை: யூனிகோடு முறைக்கு மாறான தொடர் வரின் அறிவிக்க

இந்நான்கு வரிகளைக் கொண்டு கருவியானது சி, பைத்தான், ஜாவா ஆகியவற்றுக்குரிய பிணைப்புகளை ஆக்கித் தரும். பைத்தானில் பிழை ஒருவகையாக அறிவிக்கப்பெறும். சி மொழியில் வேறுவகையாக அறிவிக்கப்பெறும். அந்தந்த மொழியின் வழக்கைக் கருவி அறியும். பொருளை வரைவு அறியும்.

வரைவில் இடம்பெறும் மற்றொரு செய்தி உரிமை பற்றியது. திருமண வீட்டுக்கு அடுத்த வீட்டிலிருந்து ஓர் அண்டா வருகிறது. அது இரவலா, சீரா? இரவலைச் சீரென எண்ணினால் உரியவர்க்குப் பாத்திரம் திரும்பாது. சீரை இரவலென எண்ணினால் நம் பொருள் நம்மிடம் இராது. நிரல்களுக்கிடையே கைமாறும் நினைவகப் பகுதிக்கும் இதே சிக்கல் உண்டு. பயன்படுத்தி முடித்தபின் அதனை விடுவிக்கும் பொறுப்பு கொடுத்தவர்க்கா, பெற்றவர்க்கா? இருவரும் விடுவித்தால் நிரல் நிலைகுலையும். ஒருவரும் விடுவிக்காவிடில் நினைவகம் வீணே நிறையும். வரைவில் உரிமையைக் குறிக்கும் ஒரு சொல் இவ்விரு கேட்டையும் தடுக்கிறது.

இம்முறையின் வரலாறு

இம்முறை புதியதன்று. பல கணிப்பொறிகளில் பரவிக் கிடக்கும் நிரல்கள் தம்முள் உரையாடுவதற்காக 1991-இல் வெளிவந்த கோர்பா என்னும் தரநிலை, இடைமுகத்தை வரைவதற்கென்றே தனிமொழி ஒன்றைக் கொண்டிருந்தது. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் டேவிட் பீஸ்லி என்பார் 1995-இல் உருவாக்கத் தொடங்கிய சுவிக் என்னும் கருவி, சி மொழியின் அறிவிப்புகளைப் படித்தே பிற மொழிகளுக்குப் பிணைப்பு ஆக்கித் தந்தது. கூகுள் நிறுவனம் தன் உள்பயன்பாட்டில் இருந்த புரோட்டோகால் பஃபர்ஸ் என்னும் வரைவுமுறையை 2008-இல் திறந்த மூலமாக வெளியிட்டது.

மூலநிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை தருவதே திறந்த மூல மென்பொருளின் இயல்பு. ஒரு நிரலகத்தை ஆக்கியவர் அறியாத ஊரில், அறியாத மொழியில் அதனை வேறொருவர் பயன்படுத்துவார். அவ்விருவரும் நேரில் கண்டு பேச வாய்ப்பில்லை. அவர்களிடையே நின்று பேசுவது வரைவே. ஆதலின் இம்முறை அங்கே செழித்ததில் வியப்பில்லை.

தமிழ் தட்டெழுதும்போது

நாம் தமிழில் தட்டெழுதும் செயலிலேயே இதற்குச் சான்றுண்டு. லினக்ஸ் இயங்குதளத்தில் விசைப்பலகையின் தட்டல்களை எழுத்தாக்கிச் செயலிகளுக்கு அனுப்பும் அமைப்புகளுள் ஒன்று ஐபஸ். இது சி மொழியில் எழுதப்பெற்றது. 1999-இல் சென்னையில் நிகழ்ந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி உருவான தமிழ்99 விசைப்பலகையையும் இதன்வழிப் பயன்படுத்தலாம்.

ஐபஸ் அமைப்பின் பிணைப்புகள் க்னோம் திட்டத்தார் வகுத்த முறையில் கிடைக்கின்றன. நிரலாசிரியர் ஒவ்வொரு செயற்கூற்றின் தலையிலும் குறிப்புரை எழுதுகிறார். ‘இம்மதிப்பு இல்லாதிருக்கலாம்’, ‘இதன் உரிமை பெறுபவர்க்குச் சேரும்’ என்பன போன்ற செய்திகள் அதில் அடங்கும். கருவி ஒன்று மூலநிரலையும் குறிப்புரைகளையும் படித்து, எக்ஸ்.எம்.எல். வடிவில் வரைவு ஆவணத்தை ஆக்குகிறது. பைத்தான் மொழி, நிரல் ஓடும்போதே அவ்வரைவின் சுருக்க வடிவைப் படித்துப் பிணைப்பை அமைத்துக்கொள்கிறது. ரஸ்ட் மொழியினர் இத்தகைய வரைவைக் கொண்டு பிணைப்பு நிரலை முன்கூட்டியே ஆக்கி வைத்துக்கொள்கின்றனர். ஓடும்போது படித்தல், முன்னரே ஆக்கல் என வழி இரண்டாயினும் மூல ஆவணம் ஒன்றே. சொற்களை முன்கூட்டி ஊகித்துக் காட்டும் ஐபஸ் டைப்பிங் பூஸ்டர் என்னும் செயலி, பைத்தானில் எழுதப்பெற்றிருந்தும் சி மொழியில் அமைந்த ஐபஸோடு இயைந்து இயங்குவது இம்முறையால்தான்.

வேற்றுமை உருபு கண்ட நிரல்

இம்முறைக்கு நெருங்கிய உறவுடைய மற்றொரு முயற்சி தமிழாசிரியர்களுக்கு மேலும் உவப்பளிக்கும். மார்ட்டின் போர்ட்டர் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1980-இல் ஆங்கிலச் சொற்களின் விகுதிகளை நீக்கி அடிச்சொல் காணும் விதிமுறை ஒன்றை வெளியிட்டார். பலரும் அதனைத் தத்தம் நிரல்மொழிகளில் கையால் எழுதிப் பரப்பினர். அவற்றுள் பல மூலத்தினின்று பிறழ்ந்திருந்தன. இக்குறை கண்ட போர்ட்டர், அடிச்சொல் விதிகளை எழுதுவதற்கென்றே ஸ்னோபால் என்னும் சிறுமொழியை வகுத்தார். விதிகளை அதில் ஒருமுறை எழுதிவிட்டால், கருவியானது சி, ஜாவா, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், ரஸ்ட் முதலிய மொழிகளில் நிரலை ஆக்கித் தரும். இடைமுக வரைவு வாயிலை மட்டும் கூறும். ஸ்னோபால் உள்வேலையையும் கூறும். ஒன்றை எழுதிப் பலவற்றை ஆக்குதல் என்னும் கொள்கை இரண்டுக்கும் பொது.

ஸ்னோபால் தொகுப்பில் தமிழுக்கும் விதிகள் உள்ளன. அவற்றைத் திறந்து படித்தால், பன்மை விகுதி நீக்கல், கால விகுதி நீக்கல் ஆகியவற்றிடையே ‘வேற்றுமை உருபுகள்’ என்னும் தொடரையே ரோமன் எழுத்தில் பெயராகத் தாங்கிய விதி ஒன்றைக் காணலாம். கருவி ஆக்கும் நிரல்களிலும் அப்பெயர் தொடர்கிறது. நம் இலக்கண நூலார் ஆண்ட கலைச்சொல் இன்று பல நிரல்மொழிகளில் ஒருங்கே வழங்குவது மகிழ்ச்சிக்குரியது. 2019-இல் வெளிவந்த போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் 12-ஆம் பதிப்பு, முழுவுரைத் தேடலில் தமிழுக்கும் அரபிக்கும் அடிச்சொல் காணும் வசதியை ஒருசேர ஏற்றது. ‘ஊரை’, ‘ஊரில்’ என வடிவம் மாறினும் தேடுபவர்க்குச் சொல் கிட்டச் செய்வதே இவ்வசதியின் நோக்கம்.

வரைவு தவறினால்

இம்முறையில் இடர் இல்லாமல் இல்லை. கருவி தானாகச் சிந்திப்பதன்று. வரைவில் உள்ளது சரியாயின் சரியையும், தவறாயின் தவறையும் எல்லா மொழிகளிலும் ஒரே சீராகப் பெருக்கிவிடும். கருவி ஆக்கிய நிரலைக் கையால் திருத்துவதும் பயன் தராது; அடுத்த முறை கருவியை இயக்கியவுடன் அத்திருத்தம் அழிந்துபோகும். மூல வரைவைத் திருத்துவதே வழி.

தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் ஓர் உரை கண்டார். சேனாவரையர் சொல்லதிகாரத்துக்கு வேறோர் உரை கண்டார். உரைகள் வேறுபடுவது இலக்கியக் கல்விக்கு வளம். பிணைப்புகள் வேறுபடுவது கணிப்பொறிக்குக் கேடு. ஆதலின் இங்கே நூற்பாவே ஐயத்துக்கு இடமின்றி அமைதல் வேண்டும்.

இத்தவற்றின் விளைவை எளிய மாந்தரே சுமக்கின்றனர். பெயருக்கு 20 இடங்கள் ஒதுக்கிய கணிப்பொறிப் படிவம் ஒன்றைக் கருதுவோம். ‘முகம்மது சாகுல் ஹமீது’ என்னும் பெயரில் 11 எழுத்துகளும் 2 இடைவெளிகளும் உள்ளன. எழுத்தால் எண்ணினால் 13; இடம் தாராளமாகப் போதும். குறியீட்டால் எண்ணினாலோ 21 ஆகிறது. கடைசி உகரக்குறி வெட்டுண்டு ‘ஹமீத’ என்று சீட்டு அச்சாகி வரும். இங்ஙனம் கால் இழந்தும் புள்ளி இழந்தும் வந்த சீட்டுகளை எம் மாணவர் கைகளில் யான் கண்டதுண்டு. ஒரு குறியை மீட்கச் சான்றிதழ்களோடு அலுவலகம் அலுவலகமாக அலைந்த தந்தையரையும் கண்டதுண்டு. படிவத்தை அமைத்தவர் தமிழுக்குத் தீங்கு எண்ணியவர் அல்லர். ‘அலகு எழுத்து’ என்னும் இரு சொற்களை எழுதிவைக்க வேண்டும் என்று அவருக்கு எடுத்துக் கூறுவார் இல்லை.

முடிவுரை

நிரல் எழுதும் திறன் பொறியியல் பயின்றோர்க்கு உரியதாகலாம். ஆனால் எழுத்து எது, விகுதி எது, எங்கே பிரித்தல் கூடும், எங்கே கூடாது என்பவற்றை வரையறுக்கும் அறிவு தமிழ் பயின்றோரிடமே உள்ளது. வரைவிலிருந்து நிரலை ஆக்கும் வேலையைக் கருவியிடம் விட்டபின், மனிதர்க்கு எஞ்சும் பெரும்பணி வரைவைச் செம்மையாக எழுதுவதே. இது நூற்பா யாக்கும் பணி, நமக்குப் புதியதன்று.

ஸ்னோபாலின் தமிழ் விதிகள் எவரும் படிக்கத்தக்க உரைக்கோப்பாக இணையத்தில் கிடைக்கின்றன. நம் துறை மாணவர்கள் இருவர் மூவராகச் சேர்ந்து, கணினி அறிவியல் துறை நண்பர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, அவ்விதிகளை ஒவ்வொன்றாகப் பெயரெச்சம், வினையெச்சம், சாரியை ஆகியவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பொருந்தாத இடத்தைச் சான்றுடன் உரியவர்க்கு எழுதலாம். அத்திருத்தம் ஏற்கப்படின், அதனின்று ஆக்கப்பெறும் எல்லா மொழி நிரல்களுக்கும் அது சென்று சேரும். கல்லூரியில் படித்த இலக்கணம் தேர்வுத்தாளோடு முடிந்துவிடாமல், முகம் அறியாத ஒருவரின் பெயரைப் பிழையின்றி அச்சிடவும் உதவுமாயின், அக்கல்வி பயனுடையதே.