கண்ணாடிக் குமிழின் வம்சாவளி

சங்கீத வித்துவான் ஒருவரைப் பற்றிப் பேச்செடுத்தால், அவருடைய சாரீரத்தைக் குறித்து அபிப்பிராயம் சொல்லுமுன்னரே, அவர் யாரிடம் சிட்சை சொல்லிக்கொண்டார், அந்த ஆசானுக்கு ஆசான் யார் என்று விசாரித்துக்கொண்டு போவது நம்மவர் வழக்கம். விஞ்ஞானிகள் விஷயத்தில் இந்த விசாரணையை நாம் அவ்வளவாகச் செய்வதில்லை. ஜெர்மானியரோ, முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டிய ஆசிரியரை 'டாக்டர் தந்தை' என்றே அழைத்து, உறவு இன்னதென்று ஒரே சொல்லில் தீர்த்துவிட்டார்கள்.

ஜெர்மனியில் பிறந்து, ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933ஆம் ஆண்டில் யூதர் என்ற காரணத்தால் பதவியிழந்து, இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்த உயிர்ரசாயன விஞ்ஞானி ஹான்ஸ் கிரெப்ஸ், முதுமையில் தமது குருபரம்பரையைத் தாமே எழுதினார். 1967இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த அக்கட்டுரையில், தமக்கு ஆசான் வார்புர்க், அவருக்கு எமில் பிஷர், அவருக்கு பேயர், அவருக்கு கெகுலே, அவருக்கு லீபிக், அவருக்கு கே-லுசாக், அவருக்கு பெர்த்தொலே என்று பிரெஞ்சுப் புரட்சிக் காலம் வரையில் படிப்படியாகப் பின்னோக்கிச் சென்றார். (உணவு உடலில் எரிந்து சக்தியாகும் சுழற்சியைப் பற்றி 1937இல் அவர் எழுதியனுப்பிய கடிதத்தை, இடமில்லையென்று திருப்பியனுப்பியதும் இதே 'நேச்சர்'தான், அந்தச் சுழற்சிக்காகவே 1953இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.) இவ்வரிசையில் கிரெப்ஸ், வார்புர்க், பிஷர், பேயர் ஆகிய நால்வருமே நோபல் பரிசு பெற்றவர்கள், சீடர் பிஷர் 1902இலும் அவர் குரு பேயர் 1905இலும் பெற்றது விதியின் சிறு வேடிக்கை.

பரிசுகளின் கணக்கு ஒருபுறம் இருக்கட்டும். இப்பரம்பரையில் ஒரு கைக்கு அடுத்து இன்னொரு கையில் உண்மையில் என்னதான் வந்து சேர்ந்தது? கொள்கைகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவை தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டேதான் இருந்தன. வாயுவைப் பிடித்து அளக்கும் கைத்திறன் ஒன்று மட்டும், இடையிடையே மறைந்தாலும், விடாமல் ஓடி வந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

1804இல் பலூனில் ஏறி ஏழாயிரம் மீட்டர் உயரத்துக்குச் சென்று காற்றைக் குடுவையில் அடைத்துக்கொண்டு வந்த கே-லுசாக், உயிர்ப்பொருள்களை எரித்து, எழும் வாயுக்களின் கன அளவைக் கொண்டு அவற்றின் மூலகங்களைக் கணக்கிடும் முறையைத் தம் சகாவான தெனாருடன் சேர்ந்து வகுத்தார். அவரிடம் பாரிஸில் பயின்ற லீபிக், 1824இல், இருபத்தொரு வயதிலேயே, கீசன் சர்வகலாசாலையில் பேராசிரியராக அமர்ந்து, பழைய ராணுவக் காவற்கூடம் ஒன்றைப் பரிசோதனைச் சாலையாக மாற்றிக்கொண்டார். வாயுவின் கன அளவைப் பார்ப்பதைக் காட்டிலும் அதை எடை போடுவது சுலபமன்றோ என்ற யோசனையிலிருந்து, 1831இல், ஐந்து குமிழ்கள் ஊதப்பெற்ற முக்கோணக் கண்ணாடிக் குழாய் ஒன்று பிறந்தது. குமிழ்களில் பொட்டாஷ் காரக் கரைசல் நிற்கும். எரிந்த பொருளின் புகை அதனுள் கொப்புளமிட்டுச் செல்கையில் கரியமில வாயு முழுதும் கரைசலில் அகப்பட்டுக்கொள்ளும். முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தால் கரி எவ்வளவு என்று தெரிந்துவிடும். அதுவரை பெருந்திறமை படைத்தவர்களுக்கே கைகூடிய பகுப்பாய்வு, அதன் பின்னர் மாணாக்கர் செய்யும் அன்றாட வேலையாயிற்று. அமெரிக்க ரசாயனச் சங்கத்தின் சின்னத்தில் அந்தக் குமிழ்களை இன்றும் காணலாம்.

அடுத்த மூவரிடம் இந்தக் கைத்திறன் கண்ணில் படவில்லை. கட்டடக் கலை படிக்க வந்து, லீபிக்கின் விரிவுரையில் மயங்கி ரசாயனத்துக்குத் தாவியவர் கெகுலே. சோதனைக் குழாயும் கண்ணாடிக் குச்சியுமே போதுமென்று இருந்தவர் பேயர். அவர் அவுரியின் அமைப்பைக் கண்டறிந்த பின்னர் 1897இல் செயற்கை நீலம் சந்தைக்கு வர, நம் நாட்டு அவுரிச் சாகுபடி நலிந்தது தனிக் கதை. தாமே கண்டுபிடித்த பீனைல் ஹைட்ரசீன் என்னும் விஷத்தோடு பழகிப் பழகி உடல்நலத்தை இழந்தவர் பிஷர்.

பிஷரிடம் பட்டம் பெற்ற ஒட்டோ வார்புர்க் கையில் பழைய காரக் கரைசல் புது வேஷம் பூண்டது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு குடுவை. அதன் நடுவே விரற்கடை அகலமும் இல்லாத ஒரு கிண்ணம். கிண்ணத்தில் சில துளி பொட்டாஷ் காரம், அதில் சுருட்டி நிறுத்திய வடிதாள். சுற்றிலுமுள்ள உப்புநீரில், அரை மில்லிமீட்டர் கனமும் இராத கல்லீரல் சீவல் மிதந்துகொண்டிருக்கும். வெதுவெதுப்பான நீர்த்தொட்டியில் குடுவை ஓயாமல் ஆட, சீவல் மூச்சு விடும். வெளிவிடும் கரியமில வாயுவைக் காரம் விழுங்கிவிடுவதால், உள்ளிழுத்த பிராணவாயுவின் அளவுக்கேற்ப, இணைத்துள்ள வளைகுழாயில் திரவம் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகரும்.

கிரெப்ஸ் இந்த வித்தையை 1926 முதல் நான்கு ஆண்டுகள் பெர்லினில் பயின்றார். ஆயினும் அதைக் கொண்டு என்ன தேடுவது என்பதில் குருவும் சீடரும் ஒத்துப்போகவில்லை. வேறிடம் பார்த்துக்கொள்ளும்படி 1930இல் வார்புர்க் சொல்லிவிட்டார். குருவின் நிழல் விலகிய பிறகுதான், 1932இல் பிரைபுர்க்கில் தம் மாணவரான ஹென்செலைட்டுடன் சேர்ந்து, கல்லீரல் யூரியாவை ஆக்கும் சுழற்சியை அதே குடுவைகளைக் கொண்டு கிரெப்ஸ் கண்டார். மறு ஆண்டு நாட்டைவிட்டு வெளியேறியபோது, குடுவையும் வளைகுழாயும் சேர்ந்த அந்த மானோமீட்டர்களையும் உடன் கொண்டு சென்றார். பின்னாளில் தம்மை வெளியேற்றிய குருவின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவரும் அவரே.

இப்படி ஒற்றைக் கோடாக வரைவதில் ஓரவஞ்சனை இல்லாமலில்லை. பேயர் முதலில் நாடிச் சென்றது வாயு அளவையில் பெரும்புலவரான பன்சனை. அங்கே மனம் ஒவ்வாமல்தான் கெகுலேயின் சிறு பரிசோதனைச் சாலைக்கு வந்தார். வீடிழந்து வந்த கிரெப்ஸுக்குக் கேம்பிரிட்ஜில் இடங்கொடுத்த ஹாப்கின்ஸுக்கும் இவ்வரிசையில் இடமில்லை.

பரம்பரை கிரெப்ஸோடு நின்றுவிடவில்லை. ஷெபீல்டில் அவரிடம் பட்டம் பெற்ற ஹான்ஸ் கோர்ன்பெர்க், 1957இல் தம் ஆசானோடு சேர்ந்து நுண்ணுயிர்களில் இன்னொரு சுழற்சியைக் கண்டபோது, துப்பாக அவருக்குப் பயன்பட்டது கதிரியக்கம் ஏற்றிய கரி.